கபடி நேரலையைத் தொழிலாக்க முடியுமா? காரைக்குடிப் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பள்ளத்தூர் பையன்:
வணக்கம். வயது 24, எம்.பி.ஏ. முடித்துவிட்டேன். நண்பர்களோடு சேர்ந்து கல்லல், புதுவயல் பக்கம் நடக்கும் மின்னொளி கபடிப் போட்டிகளை யூடியூபில் நேரலை செய்கிறேன், வர்ணனையும் நாங்களே. ஊர்க் கமிட்டி கேமரா வாடகை மட்டும் தருகிறது. இதைக் கம்பெனியாக்கி, நாங்களே போட்டி நடத்தி, ஸ்பான்சர் பிடித்து, வீரர்களுக்கு ஒப்பந்தம் பார்த்துக் கொடுத்து, அப்புறம் திருவிழாக் கச்சேரி வரை போக ஆசை. அப்பச்சி வங்கி வேலைக்குப் போகச் சொல்கிறார். ஊரில் இருந்தே முடியுமா, சென்னைக்குப் போகணுமா?

ரஸ்தாக்காரன்:
முடியும் தம்பி. ஏவி.மெய்யப்பன் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து வந்தவர், நம்ம தேவகோட்டை ரஸ்தாவில்தான் ஸ்டுடியோ போட்டார், சென்னைக்கு மாறியது அதற்குப் பிறகு. ஆனால் ஊர்ப்பெயரை மட்டும் நம்பாதே. 2016-ல் டிஎன்பிஎல் கிரிக்கெட் தொடங்கியபோது காரைக்குடி காளை என்று ஓர் அணியே இருந்தது, மேட்ச் எல்லாம் நத்தம், திருநெல்வேலி, சென்னையில். இப்போது அந்தப் பெயரும் இல்லை.

கபடி நம் ஊரில் எப்போதும் இருந்ததுதானே? 2014-ல் புரோ கபடி வந்து மேட், விளக்கு, கேமரா என்று டிவிக்கு ஏற்றபடி மாற்றிய பிறகுதான் பெரிய பணம் வந்தது, அதுவும் ஒளிபரப்பு உரிமை யாரிடம் இருந்ததோ அவர்களிடம். அதனால் கேமரா வாடகைக்கு ஓடுவதை நிறுத்து. வாடகை வேண்டாம், வீடியோ உரிமை எங்களுக்கு, வரும் விளம்பரப் பணத்தில் இவ்வளவு கமிட்டிக்கு என்று எழுதி வாங்கு. பத்து ஊர் சேர்ந்தால் உன்னிடம் விற்க ஒரு சரக்கு இருக்கும்.

பேரேடு:
தம்பி, நான் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். தலைக்கு 500 ரூபாய் வரை டிக்கெட்டுக்கு வரி இல்லை. ரெய்டுக்கு நடுவே சினிமாப் பாட்டுப் போடுகிறீர்களே, அதற்கு ஐபிஆர்எஸ், பிபிஎல் போன்ற பாட்டு உரிம அமைப்புகளிடம் உரிமம் வாங்கணும். அது மைதானத்தில் போடுவதற்குத்தான், யூடியூபில் அந்த வீடியோ வருமானம் அப்போதும் பாட்டுக் கம்பெனிக்குப் போகலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் நேரம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை, நம் ஊர்ப் போட்டியோ விடிய விடிய நடக்கும். போலீஸ் வந்து நிறுத்தக்கூடிய நிகழ்ச்சியில் நல்ல கம்பெனி எதுவும் பேனர் கட்டாது. நீங்களே நடத்தும்போது மாலை 4 மணிக்குத் தொடங்கி பத்துக்குள் முடியுங்கள், அணிகள் குறைந்தாலும் சரி. காசு வைத்து ஆடும் ஆப் எதுவும் ஸ்பான்சர் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், 2025 ஆன்லைன் விளையாட்டுச் சட்டப்படி அந்த விளம்பரமே குற்றம்.

அப்புறம், பர்மாவுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போன நம் ஐயாக்கள் யாரும் போனவுடன் மேலாள், அதாவது கடைப் பொறுப்பாளர், ஆகவில்லை. முதலில் எடுபிடியாகப் பெட்டியடிப் பையன், பிறகு மேலாளுக்கு உதவியாக அடுத்தாள் என்று இருந்துதான் கடையைக் கையில் வாங்கினார்கள். நீங்களும் சென்னையில் ஒரு நிகழ்ச்சிக் கம்பெனியில் இரண்டு சீசன் அடுத்தாளாக இருந்துவிட்டு வாருங்கள். அப்பச்சிக்கும் சம்பளம் கண்ணில் தெரியும்.

பாடிச்சென்று ஆடியவன்:
நான் மாவட்ட அணியில் ஆடியவன். வீரர் ஒப்பந்தம் பற்றி மட்டும் சொல்கிறேன். 18 வயது ஆகாத பையனிடம் வாங்கும் கையெழுத்து செல்லாது, பெற்றோரோடு பேசு. உனக்குக் கமிஷன் கேட்பதற்கு முன் அவனுக்கு முழங்கால் போனால் யார் ஆஸ்பத்திரிச் செலவு பார்ப்பது என்று எழுது. மண் தரையில் ஆடி முட்டி போன பையன்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், கோப்பை கொடுத்தவர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதைச் சரியாகச் செய்தால் நாங்களே உனக்கு ஆள் சேர்த்துத் தருவோம்.

பள்ளத்தூர் பையன்:
ரொம்ப நன்றி அண்ணன்களே, பேரேடு ஆச்சி. நேரத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. கமிட்டிப் பெரியவர்கள் பேப்பரில் கையெழுத்து என்றாலே தயங்குகிறார்களே, எப்படிக் கேட்பது?

ரஸ்தாக்காரன்:
ஒரே பக்கம், தமிழில், அந்த ஒரு போட்டிக்கு மட்டும். போன போட்டி வீடியோவில் வந்த பணத்தையும் அவர்கள் பங்கையும் எடுத்துக்கொண்டு போ.