செல்ஃப் எடுக்காமல் கார் நின்ற அனுபவங்கள்

திருவாரூர் உறுப்பினர்:

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம். அப்பாவைக் கண் பரிசோதனைக்காகத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனேன். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். அந்தக் கேட்டைப் பற்றி நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

கேட் திறந்ததும் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். பின்னால் பஸ்காரர் ஹாரனை விடவே இல்லை. டீக்கடையில் நின்ற மூன்று பையன்கள் ஓடி வந்து தள்ளினார்கள். ரெண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டேன், பிடித்துக்கொண்டது. (ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் இது நடக்காது.) அன்றைக்கே தஞ்சாவூரில் பேட்டரியை மாற்றினேன். ஐயாயிரம் ரூபாய் போச்சு. நாலாம் நாள் மறுபடியும் அதே ‘டக்’.

அப்புறம்தான் திருவாரூரில் ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் பேட்டரியைத் தொடவே இல்லை. ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார்.

“லைட்டு மங்குதா தம்பி?”

“இல்லைங்கண்ணே, அப்படியேதான் எரியுது.”

“அப்ப பேட்டரி மேல பழி போடாதீங்க.”

விளக்கு நன்றாக மங்கி ‘டிக் டிக் டிக்’ என்று அடித்தால், பேட்டரி இறங்கியிருக்கும் அல்லது ஒயர் மாட்டும் அதன் முனையில் (டெர்மினல்) களிம்பு பூத்திருக்கும். மங்கவே இல்லையென்றால், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் வழியாகக் கரண்ட் ஓடவில்லை என்று விளக்கினார். வோல்ட் பார்க்கும் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது மூன்றைத் தாண்டி நின்றது. ஜம்பர் கேபிள் என்கிற தடித்த ஒயரால் அந்த ரெண்டு இடத்தையும் நேரே இணைத்ததும், ஒரே திருப்பில் இன்ஜின் எடுத்தது.

இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகும், கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த் பட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்தார். பின்னலாக வரும் செம்புக் கம்பி அது. கவனிக்காத பித்தளைக் குடம் மாதிரி பச்சைக் களிம்பு ஏறி, விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. நாலைந்து இழைதான் மிச்சம். புதுப் பட்டை இருநூறு ரூபாய். யாராவது பேட்டரி மாற்றப் போகிறீர்கள் என்றால், முதலில் இந்த ஹெட்லைட் சோதனையைச் செய்துவிடுங்கள். அதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

திருத்துறைப்பூண்டி உறுப்பினர்:

எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. செல்ஃப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. பெட்ரோல் வண்டியில் சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கம் ரெண்டு விநாடி ‘ம்ம்ம்’ என்று பம்ப் ஓடும் சத்தம் வரும் இல்லையா, அது வரவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. பானெட்டைத் திறந்தால் உள்ளே வைக்கோலும் உமியும். சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலியெல்லாம் வீட்டுப் பக்கம் வந்துவிடும், நானோ வைக்கோல்போர் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தியிருந்தேன். பம்புக்குப் போகும் ஒயரைக் கடித்துத் துண்டாக்கியிருந்தது. இப்போது தை மாதம் வந்தால் வண்டியை வாசலில் வெளிச்சத்தில் நிறுத்துகிறேன். வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்த்துவிடுகிறேன்.

தலைஞாயிறு உறுப்பினர்:

மழைக்காலத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐப்பசி அடைமழையில் எங்கள் தெருவில் பம்பருக்கு மேல் தண்ணீர் நின்றது. வடிந்ததும் ‘ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமே’ என்று மச்சான் சாவியை எடுத்தார். நான் விடவில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்று மாதிரி அது சுருங்காது, பிஸ்டன் அமுக்கும்போது அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தோம், பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, டிராக்டரில் கட்டி நாகப்பட்டினம் கொண்டுபோனோம். பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினார்கள். நாலாம் நாள் அதே இன்ஜின் ஒரு தட்டலும் இல்லாமல் ஓடியது.