மாமா, ஹைபிரிட் வாங்கலாமா?

கேதீஸ்: மாமா, வவுனியாவில் ரொயோட்டாவின் 2012 பிரியஸ் ஒன்று, பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடுகிற ஹைபிரிட் கார், விலைக்கு இருக்கிறது. யப்பானில் இருந்து இறக்கியது. பற்றரி நல்லதாம். வாங்கலாமா?

சுபா: பற்றரி போனால் இலட்சக்கணக்கில் செலவு வரும் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள் தம்பி.

ரவி மாமா: பற்றரி போனால் காசுதான் போகும். ஓடுகிற வண்டி ஏ9 வீதியில் இழுவை இல்லாமல் நின்றால்தான் ஆளுக்கு ஆபத்து. 2014 பெப்ரவரியில் ரொயோட்டா இந்த மொடல் பிரியஸில் 19 இலட்சத்தைத் திருத்தத்துக்குத் திருப்பி அழைத்தது. பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு மாற்றிக் கொடுக்கிற இன்வேர்ட்டருக்குள் ட்ரான்சிஸ்டர் சூடேறிப் பழுதானால் எச்சரிக்கை விளக்குகள் எரியும், சிலவேளை வண்டியே நிற்கும். மென்பொருளை மாற்றினார்கள். அதுவும் போதாமல் 2018 ஒக்டோபரில் பிரியஸ், ஓரிஸ் என்ற இரண்டு மொடலிலுமாக 24 இலட்சத்தை மறுபடி கூப்பிட்டார்கள். 2008 ஒக்டோபரில் இருந்து 2014 நவம்பர் வரை செய்தவை. நீ பார்க்கிறதும் அந்தக் காலத்து வண்டிதான்.

கேதீஸ்: யப்பானிலேயே செய்திருப்பார்கள்தானே?

ரவி மாமா: அதுதான் சிக்கல். 2018க்கு முன்னமே இங்கே இறங்கிய வண்டிக்கு யப்பானில் இருந்து யார் கடிதம் போடுவது? 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் திறந்தார்கள். அதுவரை இந்தப் பழைய வண்டிகள்தான் கைமாறிக் கைமாறி ஓடின. வண்டியின் சட்டத்தில் அடித்திருக்கிற சேசி இலக்கத்தை வாங்கு. ரொயோட்டாவின் யப்பான் தளத்தில் அடித்தால் அந்த வண்டிக்கு என்ன திருத்தம் வந்தது என்று காட்டும். பிறகு செய்ததற்கு அத்தாட்சி கேள்.

சுபா: மாமா, எங்கள் ஹைபிரிட் போன சித்திரை வெயிலில் கிளிநொச்சி தாண்டியதும் விளக்கு எரிந்து இழுவை குறைந்தது. கராஜில் பின் சீற்றுக்குப் பக்கத்து மூடியைக் கழற்றினால், பற்றரி விசிறியில் தூசியும் நாய் மயிரும் கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தது.

ரவி மாமா: எங்கள் வெக்கைக்கு அந்த விசிறியை அடிக்கடி துப்புரவாக்க வேண்டும் பிள்ளை. கேதீஸ், நீயும் கழற்றிப் பார். பிரியஸ் பற்றரிக்குள் 28 மொடியூல், அதாவது சின்னச் சின்னப் பற்றரித் துண்டுகள், மொத்தம் 201.6 வோல்ட். சிலர் செத்த ஒன்றை மட்டும் மாற்றி "பற்றரி செய்தது" என்று விற்பார்கள். கொஞ்ச நாளில் பக்கத்தில் இருப்பது படுக்கும். முழுதும் மாற்றியதா என்று பில்லோடு கேள். உயர் மின்னழுத்தம் ஓடுகிற செம்மஞ்சள் கேபிளைப் பழகாத எவரையும் தொட விடாதே.

பெரியம்மா: பிரேக் எப்படித் தம்பி? சின்னப் பிள்ளைகள் ஏறுகிற வண்டி.

ரவி மாமா: அதைத்தான் சொல்ல வந்தேன் அக்கா. கேதீஸ், வண்டியை ஸ்டார்ட் பண்ணி ரெடியில் போட்டு, பிரேக்கைத் தொடாமல் காது கொடு. பிரேக் பம்ப் ஓடி அடங்க வேண்டும். மிதிக்காமலே திரும்பத் திரும்ப உர்ரென்று ஓடினால் அழுத்தம் கசிகிறது. அந்த வண்டியே வேண்டாம். அப்புறம், நீ போகுமுன் இஞ்சினைச் சூடாக்க வேண்டாம் என்று சொல்லி வை. ஆறிக் கிடந்த இஞ்சின் எழும்பும்போது கடகடவென்று உதறினால், இஞ்சின் தலைக்குக் கீழே இருக்கிற அடைப்பான ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இஞ்சினுக்குள் விடுகிற இஜிஆரில் கரி அடைத்த வண்டிகளில் இது நிறைய வருகிறது.

கேதீஸ்: சேசி இலக்கம் கேட்டேன் மாமா. "வந்து பாருங்கோ, பிறகு தாறன்" என்கிறார்.

ரவி மாமா: சேசி இலக்கத் தகட்டைப் படமெடுத்து அனுப்ப ஒரு நிமிடம் போதும். அது வராமல் முற்பணம் ஒரு சதமும் கொடுக்காதே. சனிக்கிழமை விடியவே நானும் வருகிறேன்.