ஃபிளைட் ஏழு மணி நேரம் லேட்டு, பணத்துக்கு பதிலா கிரெடிட்தான் (அவங்க ஃபிளைட்டுல அடுத்த டிக்கெட்டுக்கு கழிச்சுக்கறது) தருவோம்ங்கறாங்க. பணமா கேக்கலாமா?

செந்தூல்_அக்கா
போன வாரம் கேஎல் ஏர்போர்ட் கேஎல்ஐஏல இருந்து திருச்சிக்கு கெளம்புனோம், அன்னிக்கு சாயந்திரம் அண்ணன் மகளுக்கு நிச்சயம். போர்டிங் கேட்டுல உக்காந்தப்புறம் நேரத்த தள்ளி தள்ளி போட்டு கடைசில ஏழு மணி நேரம் லேட்டுன்னாங்க, ஆளுக்கு ஒரு பன்னு ஒரு மைலோ பாக்கெட்டு, அவ்ளோதான். ஃபங்ஷனே முடிஞ்சிரும், இனிமே போயி என்னத்துக்குன்னு வீட்டுக்கு வந்துட்டோம். இப்ப பணத்த கேட்டா கிரெடிட் மட்டும்தானாம். ஜெர்மனில இருக்கற நாத்தனார் பையன், ஃபிளைட் லேட்டானதுக்கு அவனுக்கு 600 யூரோ கெடச்சதுங்கறான், நமக்கும் உண்டா?

பிரை_குமார்
அக்கா, கிரெடிட்டுக்கு ஓகே மட்டும் சொல்லிடாதீங்க! 2024 செப்டம்பர் 2ல இருந்து மலேசியால ரூல் மாறிருச்சு, அஞ்சு மணி நேரமோ அதுக்கு மேலயோ லேட்டுன்னா போகாம ரீஃபண்ட் கேக்கலாம். அதுவும் எதுல கட்டுனீங்களோ அதுலயே, கார்டுன்னா கார்டுக்கே, 30 நாளுக்குள்ள வரணும். ரெண்டு மணி நேரம் தாண்டுனாலே சாப்பாடு குடுக்கணும், ராத்திரி தங்கற மாதிரி ஆனா ஹோட்டலும் வண்டியும் அவங்க பொறுப்பு. பன்னு குடுத்து சமாளிக்கறதெல்லாம் அநியாயம் லா.

பாயான்_லெபாஸ்
அந்த 600 யூரோ ஐரோப்பா சட்டம், ஈயூ 261. அங்கேர்ந்து கெளம்பற ஃபிளைட்டு, இல்லன்னா ஐரோப்பா கம்பெனி ஃபிளைட்டுல அங்க போறது, அதுக்கு மட்டும்தான். 3500 கிலோமீட்டருக்கு மேல போற ஃபிளைட்டுக்குதான் 600. நம்மூர்ல லேட்டுக்குன்னு தனியா காசு கெடயாது, டிக்கெட் பணம் வந்தா சந்தோஷப்படுங்க.

செந்தூல்_அக்கா
கவுண்டர்ல அந்த பொண்ணு மழைனால லேட்டுன்னு சொன்னிச்சே, அதுனால தரமாட்டாங்களோ?

பிரை_குமார்
வாயால சொன்னதெல்லாம் விடுங்க, காரணத்த ஈமெயில்ல கேளுங்க. போர்டிங் பாஸ், லேட்டுன்னு வந்த மெசேஜ் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து முதல்ல ஏர்லைனுக்கே கம்ப்ளைன் போடணும், அவங்களுக்கு 30 நாள் டைம். அதுக்கும் மசியலன்னா சிஏஏஎம், அதான் மலேசியா சிவில் ஏவியேஷன் ஆணையம், அவங்ககிட்ட போங்க. முன்ன மாவ்காம்னு இருந்த விமான கமிஷன் பாத்த வேலைய 2025 ஆகஸ்ட் 1ல இருந்து இவங்கதான் பாக்கறாங்க, பழைய லிங்க்க பாத்து அலையாதீங்க.

ஜார்ஜ்டவுன்_மச்சான்
சந்தடி சாக்குல ஒரு டவுட்டு, பினாங்கு-கேஎல் ஒரு டிக்கெட், கேஎல்-சென்னை வேற டிக்கெட். மொதல் ஃபிளைட் லேட்டாயி ரெண்டாவது போச்சுன்னா?

பாயான்_லெபாஸ்
தனித்தனியா எடுத்தா ரெண்டாவது ஏர்லைன் உங்கள கண்டுக்காது மச்சான். ஒரே புக்கிங்ல எடுங்க, கொஞ்சம் வெல கூடுனாலும் பரவால்ல.