ஒறம்பரை குழு: பழைய ரேக், புது ரேக்

சதீஷ், காலை 7:40
மணி மாமா, ஒரு சந்தேகமுங்க. கொல்கத்தா மெட்ரோவுக்குச் சீனாவுல டாலியன்ல செஞ்ச ரேக் (பெட்டியெல்லாம் கோர்த்த முழு ரயில்) 2019லயே வந்து எறங்கிருச்சு. ஆளை ஏத்துனது 2023லதானாமா. பெட்டி வந்த பொறவு இத்தன வருசம் என்னத்தப் பண்ணுனாங்க?

மணி மாமா, 7:52
கொரோனா ஒரு பக்கம் கண்ணு. அது இல்லீனாலும் வந்த ரேக்கை மறுநாளே ஓட்டிற முடியாது. மொதல்ல டிப்போவுல நிக்க வெச்சே பார்க்கோணும்: இன்சுலேசன், பிரேக் குழாயில காத்துக் கசிவு, கதவு இடுக்குல மரக்கட்டைய வெச்சாத் திறந்துக்குதா இல்லையா. பொறவு காலி ஓட்டம். அதுக்கும் பொறவு மணல் மூட்டை ஏத்தி ஓட்டம். ஆளுக்கு 65 கிலோ, நிக்கற எடத்துல சதுர மீட்டருக்கு 8 பேருன்னு கணக்குப் போட்டு மூட்டை அடுக்குவாங்க. காஞ்ச தண்டவாளத்துல ஒருக்கா, தண்ணி விட்டு ஈரமாக்கி ஒருக்கா அவசர பிரேக் போட்டு, எத்தன மீட்டர்ல நிக்குதுன்னு அளக்கோணும்.

மணி மாமா, 7:55
ஓடறப்பப் பெட்டி ஆட்டம் எவ்வளவுன்னு லக்னோ ஆர்.டி.எஸ்.ஓ. (ரயில்வே ஆராய்ச்சி அமைப்பு) ஆளுக கருவி வெச்சுப் பார்ப்பாங்க. கடைசியா மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் கையெழுத்து. நடுவுல எங்காச்சும் ஒண்ணு தவறுச்சுன்னா, திருத்திட்டு அந்தச் சோதனைய மறுக்காப் பண்ணோணும்.

சுமதி சித்தி, 8:01
ஏனுங்க, காலங்காத்தால ரயிலுங்களா 😀 சரி, பேசுங்க.

கவிதா அக்கா, 8:10
சதீஷு, பெட்டிய மட்டும் மாத்துனா ஆகாது, கரண்டு வழியையும் பார்க்கோணும். கொல்கத்தா பழைய லைன்ல மேல கம்பி கிடையாது. பக்கத்துல கரண்டுக்குன்னே மூணாவது தண்டவாளம், 750 வோல்ட் டிசி (ஒரே திசையில போற கரண்டு). வோல்ட் கம்மின்னா ஆம்பியர் எகிறும். ஒரு ரேக் கெளம்பறப்ப 2 மெகாவாட் இழுக்குதுன்னு வெச்சுக்க. 750ஆல வகுத்தா 2,600 ஆம்பியருக்கு மேல. இருவது லட்சம் வாட்டுங்கறது புது ரேக்குக்குப் பெருசில்ல, குளிரூட்டற ஏசி வேற ஓடுது. பழைய இரும்புத் தண்டவாளத்துல அத்தன ஆம்பியர் போனா, சப்ஸ்டேசனுக்கு எட்டத்துல வோல்ட் இறங்கிரும், ரேக் வேகம் எடுக்காது. அதுக்குத்தான் அங்க மூணாவது தண்டவாளத்தை அலுமினியத்துல போடறாங்க. தேயற பக்கம் மட்டும் துருப்பிடிக்காத எஃகுத் தகடு. வோல்ட் இறங்கறது கம்மியாகும், ரேக்கைக் கிட்டக் கிட்ட விடலாம்.

சதீஷ், 8:14
பிரேக் போடறப்பக் கரண்டு திரும்பி வரும்னு சொல்றாங்களே அக்கா, அதுல மிச்சம் ஆகாதுங்களா?

கவிதா அக்கா, 8:25
ஆகும், ஆனா வாங்கறதுக்கு ஆள் இருக்கோணும். டிசி சப்ஸ்டேசன்ல இருக்கறது ஏசி கரண்டை டிசியா மாத்தற டையோடு ரெக்டிபையர், ஒருவழிப் பாதை. திருப்பி அனுப்புன கரண்டை மின்வாரியத்துக்குத் தள்ளாது. அதே பகுதியில இன்னொரு ரேக் கெளம்புனா அது எடுத்துக்கும். விடியக்காலம், ராத்திரி வண்டி கம்மியா இருக்கற நேரத்துல எடுத்துக்க ஆளிருக்காது. அப்ப பிரேக் ரெசிஸ்டர்ல சூடாப் போயிரும். நம்ம சென்னை மெட்ரோ 25,000 வோல்ட் ஏசி கரண்டு (திசை மாறி மாறிப் போறது). டிரான்ஸ்பார்மர் ரெண்டு பக்கமும் வேலை செய்யும், திரும்பி வர்றதுல நட்டம் கம்மி. மும்பை புறநகர்ல 2007ல எறங்குன புது ரேக்குல சுமார் 30 சதவீதம் மிச்சம்னு சொன்னாங்க.

கவிதா அக்கா, 8:29
பழைய டிசி மோட்டார் ரேக் கெளம்பறப்ப ரெசிஸ்டரை ஒவ்வொண்ணா வெட்டி வெட்டித்தான் வேகம் எடுக்கும். கெளம்பறப்பவும் சூடு, நிக்கறப்பவும் சூடு. எல்லாம் சுரங்கத்துக்குள்ளயே தங்கிரும். நம்ம ஊர் மில்லுல நூல் நூக்கற ரிங் பிரேம் மோட்டாருக்கு இன்வெர்ட்டர் டிரைவ் (வேகத்துக்குத் தக்கபடி கரண்டை மாத்தித் தர்ற கருவி) போட்ட மாதிரித்தான் புது ரேக்கும், அளவு மட்டும் பெருசு.

தங்கவேல் பெரியப்பா, 8:41
கவிதா சொன்ன இன்வெர்ட்டர்லதான் சிக்னல்காரனுக்குத் தலைவலி. சப்ஸ்டேசனுக்குத் திரும்பற கரண்டு, சக்கரம் ஓடற தண்டவாளத்துலயேதான் போகுது. அதுல வர்ற ஹார்மோனிக்ஸ் (கூட வர்ற வேண்டாத அலைக), வண்டி எங்க நிக்குதுன்னு காட்டற டிராக் சர்க்யூட்டோட அலைவரிசையில விழுந்துச்சுன்னா, வண்டி நின்னுட்டு இருக்கற எடத்தைக் காலின்னு காட்டிரும். வண்டி நிக்காத எடத்துல நிக்குதுன்னு காட்டுனா லேட்டு ஆகும், அவ்வளவுதான். காலின்னு காட்டுனா ஒண்ணு மேல ஒண்ணு. அதனால எல்லா வேகத்துலயும் அளக்கோணும். ஒரு இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணிட்டு மறுக்கா அளக்கோணும். கெட்டுப்போன நிலையிலதான் இந்தச் சிக்கல் தலை காட்டும்.

மணி மாமா, 8:50
சரியாச் சொன்னீங்க மச்சான். அத்தோட டிப்போ. பழைய பெட்டியத் தனித்தனியாக் கழட்டித் தூக்குவோம். புது ரேக் நெறைய கழட்ட முடியாத செட்டு. முழு செட்டையும் ஒரே சமயத்துல தூக்கற ஜாக்கி வேணும், அடியில எறங்கிப் பார்க்கற குழியும் அந்த நீளத்துக்கு வேணும். அப்பறம் பிளாட்பார உசர வித்தியாசம். சக்கர விட்டம் புதுசுல 860 மில்லிமீட்டர், தேஞ்சு 780 வந்தா மாத்தோணும்னு வெச்சுக்கோங்க. வித்தியாசம் 80, ஆனா தளம் எறங்கறது பாதிதான், 40. அந்த 40ஐ நடுநடுவுல ஷிம் (மெல்லிசுத் தகடு) வெச்சு ஈடுகட்டலைன்னா பிளாட்பாரத்துக்கும் பெட்டித் தளத்துக்கும் படி மாதிரி ஆயிரும், சக்கர நாற்காலி ஏறாது.

சதீஷ், 8:53
பிளாட்பாரத்துல கண்ணாடிக் கதவு இருந்தா?

மணி மாமா, 8:55
கதவு நடுவுல இருந்து அடுத்த கதவு நடு வரைக்கும் பழசும் புதுசும் ஒத்து வரோணும். இல்லீனா ரெண்டையும் ஒரே லைன்ல ஓட்ட முடியாது.

தங்கவேல் பெரியப்பா, 9:10
ஆமா மாப்ள, ரெண்டும் கலந்து ஓடற காலந்தான் ரொம்பச் சிரமம். புது ரேக் எவ்வளவு வெரசாக் கெளம்புனாலும் முன்னால பழசு போகுதே, அட்டவணைய அதுக்குத்தான் போடோணும். பத்து புது ரேக் வந்தும் வேகம் கூடலைன்னு சனம் திட்டும். கடைசிப் பழைய ரேக் போற வரைக்கும் பலன் பாதி கூடக் கைக்கு வராது. ஆனா செலவு ரெட்டை: ரெண்டு வகை ஸ்பேர், ரெண்டு வகைப் பயிற்சி. கொல்கத்தாவுல 2010ல குளிரூட்டற ஏசி ரேக் வந்துச்சு, ஏசி இல்லாத கடைசி ரேக் நின்னது 2021 அக்டோபர் 24ல. 1984ல மெட்ரோ ஆரம்பிச்ச அதே தேதி.

சதீஷ், 9:16
லண்டன்ல பிக்காடிலி லைனுக்கு 94 புது ரயில் செய்யறாங்களாமா. அங்கயும் இதேதானுங்களா?

கவிதா அக்கா, 9:24
அங்க ஓடறது 1973 மாடல். ஆழத்துச் சுரங்கத்தோட விட்டமே மூன்றரை மீட்டர் சொச்சம். ஏசி போட்டா அதோட வெப்பத்தை எங்க விடறதுன்னு இத்தன நாளாப் போடாம இருந்தாங்க. புதுசுல பெட்டிகளை ஒண்ணோட ஒண்ணு கோர்த்துட்டாங்க. சில பெட்டிக்கு அடியில போகியே (சக்கரம் மாட்டுன சட்டம்) கிடையாது, பக்கத்துப் பெட்டிக மேல தொங்கும். எடை கொறைஞ்சுது, ஏசி யூனிட்டுக்கு எடமும் கெடச்சுது. பிரேக்ல சூடும் கொறையுது.

தங்கவேல் பெரியப்பா, 9:38
எல்லாம் சரி. ஆனா பராமரிப்பு கொறையும்னு கண்ணை மூடிட்டு நம்பக் கூடாது. பழைய மோட்டார் ரேக்குல கார்பன் பிரஷ் மாத்தறது, கம்யூட்டேட்டர் தேய்க்கறது, கேம் ஷாப்ட் முனைய ராவறது எல்லாம் நிக்கும், நெசந்தான். அதுக்குப் பதிலா குளிர்விக்கற பேன் பில்டர் அடைச்சுக்கிட்டா இன்வெர்ட்டர் சூடாகி டிரிப் ஆகும். கெப்பாசிட்டருக்கு ஆயுசு உண்டு. பெட்டி 30 வருசம் ஓடும், உள்ள இருக்கற எலக்ட்ரானிக் கார்டு அத்தன வருசம் கடையில கெடைக்காது. டெண்டர்லயே ஸ்பேர், சர்க்யூட் வரைபடம், கோளாறு பார்க்கற மென்பொருள், அதுக்கு லைசென்சு எல்லாம் எழுதி வாங்கோணும். மென்பொருள் பதிப்பு ரேக்குக்கு ரேக் மாறாம ரிஜிஸ்டர்ல ஏத்திட்டு வரோணும்.

சதீஷ், 9:41
அப்ப நின்ன பழைய ரேக் என்ன ஆகுமுங்க?

மணி மாமா, 9:47
ஒடனே வெட்டிறக் கூடாது. மீதி ஓடற பழசுக்கு மோட்டார், சக்கரம், கம்ப்ரசர், பிரேக் வால்வு எல்லாம் அதுலதான் கழட்டிக்கோணும், புதுசா யாரு செஞ்சு தருவா? அடையாளச் சீட்டுக் கட்டி அலமாரியில அடுக்கி வெச்சரோணும். பெட்டிக் கூட்டுல மட்டும் கதவுத் தூண் அடி, சன்னலுக்குக் கீழ, சோல் பார் (அடிச்சட்டத்தோட பக்கவாட்டு உத்தரம்) மூணையும் சுத்தியில தட்டிப் பார்க்கோணும். சாதா எஃகுப் பெட்டின்னா துரு அங்கதான் மொதல்ல உட்காரும். அங்க பொத்துப் போயிருந்தா ஏலத்துக்குப் போக வேண்டியதுதான்.