புழல் ஏரி 2018, 2019: செயற்கைக்கோள் படத்தில் பிள்ளைகளே பரப்பை அளக்க என்ன வழி?

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு புவியியல்)

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி வறண்டதைப் பிள்ளைகள் தாங்களே அளந்து பார்க்க வேண்டும். 2 பீரியட், ஒரே கணினி, நெட்டும் மெதுவு. கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் புரட்டினால் ஒன்று மார்ச், அடுத்தது நவம்பர் என்று வருகிறது. எதை எதோடு ஒப்பிடுவது?

பதில் (தொலையுணர்வு)

நவம்பரையும் மார்ச்சையும் பக்கத்தில் வைத்தால் தெரிவது பருவமழை, வறட்சி அல்ல. கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2இன் படங்களை எடுங்கள், இலவசம். இரண்டு ஆண்டிலும் ஜூன் மாதத்தில் ஏரிமேல் மேகமில்லாத நாளைப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டுக்கும் மே.

அந்தப் படங்கள் எல்1சி, எல்2ஏ என்று இரண்டு தரத்தில் வரும்; ஒரு படம் எல்1சி, இன்னொன்று எல்2ஏ என்று கலக்கவே கூடாது. எல்2ஏயில் வளிமண்டல மங்கல் நீக்கப்பட்டிருக்கும். நிறம் மாறியதைத் தண்ணீர் மாறியதாகப் பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

பேண்டு (ஒளி அலைவரிசை) 8, 4, 3, அதாவது அண்மை அகச்சிவப்பு, சிவப்பு, பச்சை சேர்ந்த பொய்நிறப் படம்தான் (கண்ணுக்குத் தெரியும் நிறமல்லாத படம்) இதற்கு ஏற்றது. அண்மை அகச்சிவப்பைத் தண்ணீர் உறிஞ்சிவிடுவதால் ஏரி கருநீலமாகத் தெரியும், செடிகொடி சிவப்பாகத் தெரியும், காய்ந்த ஏரிப்படுகை வெளுத்திருக்கும்.

பதில் (வரைபட வகுப்பு)

நெட்டை வகுப்பில் நம்ப வேண்டாம். முதல் நாளே, திரையிலுள்ள அளவுகோலும் சேர்ந்து வரும்படி, ஜூம் மாற்றாமல் இரண்டு படங்களையும் சேமித்து ஏ4 தாளில் அச்சிடுங்கள். டிரேசிங் தாளில் கரையை வரைந்து, கிராஃப் தாள்மேல் வைத்துக் கட்டங்களை எண்ணலாம். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தால் ஒன்று, குறைந்தால் பூஜ்யம்.

சறுக்குவது பெரும்பாலும் அச்சில்தான். 'தாளுக்குப் பொருத்து' என்றிருந்தால் படம் சுருங்கிவிடும். அதனால் அச்சான அளவுகோலை ஸ்கேல் வைத்து அளந்த பிறகே கணக்கு. 1 கி.மீ. என்பது 2 செ.மீ. ஆக இருந்தால் 1 சதுர செ.மீ. 25 ஹெக்டேர். அதுவே 1.8 செ.மீ. என்றால் ஏறத்தாழ 31 ஹெக்டேர்! 2 மி.மீ. பிசகுக்கு இவ்வளவு.

ஒரே படத்தை மூன்று குழுவிடம் கொடுங்கள். அவர்கள் விடைகளுக்குள் வரும் வித்தியாசம்தான் உங்கள் பிழையளவு. இரண்டு ஆண்டுக்கு இடையிலான வித்தியாசம் அதைவிடச் சிறிதாக இருந்தால் அதை மாற்றம் என்று சொல்லக் கூடாது.

கேள்வி கேட்டவர்

நன்றி. கரையோரம் சிவப்புத் திட்டு வந்தால் நிலமா, தண்ணீரா? 1990களையும் சேர்க்கலாமா?

பதில் (தொலையுணர்வு)

ஆகாயத்தாமரையாக இருக்கலாம், அடியில் தண்ணீர் கிடக்கும். அதே இடத்தின் இயல்நிறப் படத்தையும் வேறு தேதிப் படத்தையும் பாருங்கள். மிதக்கும் திட்டு காற்றில் இடம் மாறும், கரைப்புல் மாறாது. தீராவிட்டால் அந்தக் கட்டங்களைத் தனி நிறத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

1990களுக்கு லேண்ட்சாட் 5 என்ற பழைய அமெரிக்கச் செயற்கைக்கோள் சரி. ஆனால் அதன் பிக்சல் (படத்தின் ஒரு புள்ளி) தரையில் 30 மீட்டர், சென்டினலுக்கு 10. கரைக்கோடு தடித்துத் தெரியும். 2003 மே முடிந்த பிறகான லேண்ட்சாட் 7ஐத் தவிருங்கள்; ஸ்கேனர் பழுதானதால் ஏரிக்குக் குறுக்கே கருப்பு வரிகள் ஓடும்.

இன்னொன்று: பரப்பு பாதியானால் தண்ணீரும் பாதி என்று எழுத விடாதீர்கள், ஆழம் படத்தில் இல்லை. புழலின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. சென்னைக் குடிநீர் வாரியம் தினசரி இருப்பை வெளியிடுகிறது. படத்தின் தேதிக்குரிய எண்ணை எடுத்துப் பரப்புக்கு எதிரே கிராஃபில் குறித்தால் கோடு நேராக வராது. இரண்டாம் பீரியடுக்கு அந்த வளைவு ஒன்றே போதும்.