‘கிரிபஸ்குலர்’: தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி (குலசேகரம்):
மகளின் பறவை நூலில் பக்கி (நைட்ஜார்) என்ற பறவையைக் குறித்து ‘கிரிபஸ்குலர்’ என்றொரு ஆங்கிலப் பெயரடை வந்தது. என்னிடமுள்ள அகராதி ‘மங்கலான’ என்கிறது. விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற எனக்கு அந்தப் பறவை புதிதல்ல. டார்ச் வெளிச்சம் பட்டதும் மண்பாதையின் நடுவில் இரண்டு கண்கள் கங்குபோல ஒளிரும், மிதிபட்டுவிடுமோ என்று நாம் தயங்கும் தூரம் வரை அசையாமல் இருந்துவிட்டுச் சத்தமில்லாமல் எழும்பிவிடும். அதை ‘மங்கலான பறவை’ என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

பதில் (நாகர்கோவில்):
அகராதி சொல்வது பிழையன்று, ஆனால் இங்கே பொருந்தாது. இலத்தீனில் ‘கிரெபுஸ்குலும்’ என்றால் அந்தி வெளிச்சம்; அதன் அடியிலுள்ள ‘கிரெப்பெர்’ என்பதற்கு இருண்ட, ஐயத்துக்குரிய என்று பொருள். பகலா இரவா என்று ஐயப்பட வைக்கும் நேரம் என்பதாலேயே இப்பெயர் வந்தது என்று கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் வாரோ விளக்கி, சொல் பண்டைய இத்தாலியின் சபைன் மக்களிடமிருந்து வந்ததாகவும் எழுதியிருக்கிறார். நம் ஊரில் ‘ஆள் முகம் தெரியாத கருக்கல்’ என்கிறோமே, அந்த ஐயம்தான். விலங்கியலில் இது கருக்கலிலும் அந்தியிலும் நடமாடும் உயிர்களைக் குறிக்கும்.

பதில் (கன்னியாகுமரி):
ஒரு திருத்தம். இலத்தீனில் அச்சொல் பெரும்பாலும் மாலைக்கே உரியது. விடியலுக்கு ‘திலுக்குலும்’ என்ற தனிச்சொல் உண்டு. ஆங்கிலப் பெயரடைதான் இரண்டையும் சேர்த்துக்கொண்டது. தமிழுக்கு அந்தச் சிக்கலே இல்லை, புறநானூற்றின் 34ஆம் பாட்டிலேயே காலை அந்தியும் மாலை அந்தியும் இருக்கின்றன. இரவாடி, பகலாடி என்பதுபோல ‘அந்தியாடி’ என்றால் போதும். மேகத்தின் பின்னிருந்து விசிறிபோல விரியும் கதிர்களுக்கும் ஆங்கிலத்தில் இதே அடைமொழி உண்டு. அக்கதிர்கள் உண்மையில் ஏறக்குறைய இணையானவை, தண்டவாளம் தொலைவில் ஒன்றுசேர்வதுபோலத் தோன்றும் மாயமே அந்த விரிவு. சூரியன் மறையும்போது மேற்கை மட்டும் பார்த்து நிற்கும் கூட்டம், சில நாட்களில் அவை கிழக்கில் மீண்டும் குவிவதைக் கவனிப்பதேயில்லை.

கேட்டவர்:
நன்றி, அண்ணாச்சி. மகள் நோட்டில் ‘அந்தியாடி’ என்று எழுதிவிட்டாள். ஆனால் நிலா வெளிச்சமுள்ள இரவுகளில் பக்கி நெடுநேரம் பறந்து பூச்சி பிடிப்பதையும் நான் கண்டிருக்கிறேன். ஆகையால் பக்கத்தில் ‘இரவாடியும்கூட’ என்று சேர்க்கச் சொன்னேன்.