மைக்ரோசாஃப்ட் 365 மெயில்: ஃபில்டர், டிஎல்பி, ரிடென்ஷன் – எதை முதலில் செய்வது?

மெயில்நிர்வாகி:
மொத்தம் 300 மெயில்பாக்ஸ். சப்ளையர்களின் இன்வாய்ஸ் அடிக்கடி ஜங்க்கில் விழுந்ததால், அவர்களுடைய டொமைன்களுக்கு எஸ்சிஎல் (ஸ்பேம் மதிப்பெண்) -1, அதாவது ஸ்பேம் சோதனை இல்லாமலே உள்ளே விடு என்று வைத்து மெயில் ஃப்ளோ ரூல் போட்டிருக்கிறோம். இப்போது அதே டொமைன் பெயரில் ஒரு போலி மெயில் நேராக இன்பாக்ஸுக்கு வந்துவிட்டது. இதற்கிடையே கார்டு எண்கள் வெளியே போகக்கூடாது (டிஎல்பி, தரவுக் கசிவுத் தடுப்பு), நிதிப் பிரிவு மெயில்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் (ரிடென்ஷன்) என்று தணிக்கைக் குழு கேட்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது? எங்கள் டொமைன் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்வது என்று பெறுபவர்களுக்குச் சொல்லும் டிமார்க்கை உடனே ரிஜெக்ட்டுக்கு (ஏற்காதே) மாற்றலாமா?

டிஎன்எஸ்காரர்:
முதல் வேலை அந்த -1 ரூலை எடுப்பது. ஃப்ரம் முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பி ஸ்பேம் சோதனையைத் தாண்டவிட்டால் போலி மெயிலுக்கு நீங்களே வழிவிட்டதாகும். தவிர்க்கவே முடியாத சப்ளையருக்கு மட்டும், ஆதென்டிகேஷன் ரிசல்ட்ஸ் ஹெடரில் (மெயிலோடு மறைவாக வரும் அனுப்புநர் சோதனை முடிவு) டிமார்க் பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் ரூலில் சேருங்கள்.

ஜங்க்கில் விழுந்த ஒரு நிஜ இன்வாய்ஸின் ஹெடரைத் திறந்து பாருங்கள். எஸ்பிஎஃப் (அந்த டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற டிஎன்எஸ் பட்டியல்) பெர்ம்எரர், அதாவது பட்டியலிலேயே பிழை என்று இருந்தால் கோளாறு அவர்கள் பக்கம். ஒரே டொமைனில் இரண்டு எஸ்பிஎஃப் ரெக்கார்டு இருக்கும், அல்லது பிறர் பட்டியலைச் சேர்க்கும் இன்க்ளூட் மேல் இன்க்ளூட் சேர்ந்து டிஎன்எஸ் லுக்கப் (தேடல்) வரம்பான 10-ஐத் தாண்டியிருக்கும். அந்த ஹெடரை அப்படியே அவர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள்.

உங்கள் டொமைனுக்கு டிமார்க்கில் உடனே ரிஜெக்ட் வேண்டாம். “நன்” (none, கண்காணிப்பு மட்டும்) நிலையில் வைத்து, அறிக்கைகள் வர ஒரு முகவரி கொடுங்கள். சம்பளச் சீட்டு அனுப்பும் சேவை, ஸ்கேனர், நியூஸ்லெட்டர் என்று யாருக்கும் நினைவில்லாத அனுப்புநர்கள் அதில்தான் தெரியவருவார்கள். வெளிச்சேவைகள் தங்கள் சொந்த ரிட்டர்ன் பாத்தில் (திரும்பும் மெயில் போகும் முகவரி) அனுப்பும்போது எஸ்பிஎஃப் பாஸ் ஆனாலும் அது ஃப்ரம் முகவரியின் டொமைனோடு பொருந்தாது, டிமார்க் ஃபெயில் ஆகும். அவற்றுக்கு உங்கள் டொமைன் பெயரிலேயே டிகிம் கையெழுத்து (மெயில் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து) அமையுங்கள். ஒரு மாத வணிகச் சுழற்சியாவது பார்த்த பிறகு குவாரன்டைன் (தனியே நிறுத்திவைப்பது), அப்புறம் ரிஜெக்ட்.

இன்னொன்று: டிகிம் கையெழுத்து போட்ட பிறகு வேறு ஏதாவது கேட்வே (மெயிலைக் கடத்திவிடும் இடைச் சர்வர்) மெயிலின் அடியில் டிஸ்க்ளெய்மர் ஒட்டினால் கையெழுத்து செல்லாது. கேட்வே கடைசியில் இருந்தால் அங்கேயே கையெழுத்திடுங்கள்.

தரவுக்காவல்:
டிஎல்பியை முதலில் சிமுலேஷனில் (எதையும் தடுக்காத ஒத்திகை) ஓடவிடுங்கள். கார்டு எண்ணை லூன் கணக்கு (இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் சூத்திரம்) சரிபார்க்கிறது. ஆனால் அதன் கடைசி இலக்கம் சோதனை இலக்கம் என்பதால், தற்செயலான 16 இலக்க ஆர்டர் எண்களிலும் பத்தில் ஒன்று பாஸ் ஆகிவிடும். அருகில் "கார்டு", "காலாவதி" போன்ற சொற்களும் இருந்தால் மட்டும் கடும் நடவடிக்கை என்று வையுங்கள். ஒன்றிரண்டு எண் என்றால் எச்சரிக்கை, காரணம் எழுதி அனுப்பலாம். 10-க்கு மேல் என்றால் தடை. பாஸ்வேர்டு போட்ட ஜிப்பின் உள்ளே டிஎல்பியால் பார்க்க முடியாது, அதற்குத் தனி ரூல் வேண்டும்.

மெயில்நிர்வாகி:
நன்றி, -1 ரூலை எடுத்துவிட்டேன். 7 ஆண்டுக்கு ரிடென்ஷன் பாலிசி மட்டும் போதுமா?

தரவுக்காவல்:
போதும். பயனர் அழித்தாலும் பிரதி மறைவாக இருக்கும். வேறொரு பாலிசி அழிக்கச் சொன்னாலும் வைத்திருக்கச் சொல்வதே ஜெயிக்கும். வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கை அழிக்கும் முன் பாலிசி அந்த மெயில்பாக்ஸில் அமலாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் 30 நாளில் எல்லாம் போய்விடும். குவாரன்டைனில் நிற்கும் மெயிலுக்கும் அதிகபட்சம் 30 நாள்தான். காலாவதியானதை மீட்க முடியாது. நிதிப் பிரிவின் குவாரன்டைன் பட்டியலை வாரம் ஒருவர் பார்த்து விடுவிக்கட்டும். பிரிசர்வேஷன் லாக்கை மட்டும் எழுத்துபூர்வ ஒப்புதல் வாங்காமல் தொடாதீர்கள்: போட்ட பிறகு உங்களாலும் பாலிசியை அணைக்கவோ காலத்தைக் குறைக்கவோ முடியாது.